காலண்டர் தாளில் எழுதிய பயணம்

என் மகளுக்கு ஒன்பது வயது. ஆறு வயதில் அவளுக்கு முதல் வகை நீரிழிவு, மருத்துவமனை வரிசையில் எல்லோரும் சொல்கிற டைப் ஒன் சர்க்கரை, இருப்பது தெரிந்தது. அன்றிலிருந்து நாளொன்றுக்கு நான்கு இன்சுலின் ஊசியும், ஆறேழு முறை விரல் நுனியைக் குத்திப் பார்ப்பதுமாக எங்கள் வீட்டு நாட்கள் நகர்கின்றன. குன்னூரில் அவளோடு படிக்கும் பிள்ளைகள் விடுமுறை வந்தால் மலையிறங்கி, அடிவாரத்தில் இருக்கும் பிளாக் தண்டர் நீர் விளையாட்டுப் பூங்காவுக்குப் போய்வந்து வாரக்கணக்கில் அதையே பேசுவார்கள். மூன்று ஆண்டுகளாக அவளும் கேட்டாள்; நானும் அடுத்த லீவுக்குப் பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். இந்த முறை காலாண்டுத் தேர்வு நெருங்கியபோது அவள் கேட்கவே இல்லை. கேட்டுப் பயனில்லை என்று அவளாகவே முடிவு செய்துவிட்டாள் என்பது புரிந்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

நான் தயங்கியதற்கு ஒரு காரணம் உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் சமவெளியில் ஒரு பொழுதுபோக்கு இடத்துக்குப் போயிருந்தபோது, வெளி உணவு கூடாது என்று வாசலிலேயே எங்கள் பையிலிருந்த பிஸ்கட்டையும் பழச்சாறு டப்பாவையும் வாங்கி வைத்துவிட்டார்கள். குழந்தைக்குச் சர்க்கரை நோய் என்று சொன்னதற்கு, அப்படியென்றால் இனிப்பு எதற்கு என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு வரிசையில் நின்றுகொண்டு பொறுமையாகப் பதில் சொல்ல எனக்கு அன்று தெரியவில்லை. உள்ளே போன முக்கால் மணி நேரத்தில் அவளுக்குச் சர்க்கரை எழுபதுக்கும் கீழே, 58க்கு இறங்கிவிட்டது. கை நடுங்க, உதடு வெளுத்து நின்ற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு தின்பண்டக் கடையைத் தேடி நான் ஓடிய ஓட்டம் இன்னும் மறக்கவில்லை. இன்சுலின் போடும் குழந்தைக்கு இனிப்புதான் சில நேரங்களில் முதலுதவி என்பதை ஊரறியச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்த முறை மருத்துவரிடம் கேட்டோம். போகக் கூடாது என்பதற்கு ஒரு காரணமும் இல்லை, ஆனால் அந்த நாள் முழுவதையும் முன்கூட்டியே வகுத்துக்கொள்ளுங்கள் என்றார். அதை நான் மட்டும் உட்கார்ந்து வகுக்கவில்லை. பழைய தினசரிக் காலண்டரின் பெரிய அட்டைத் தாளைத் திருப்பிப் போட்டு, பென்சிலை அவள் கையில் கொடுத்தேன். எத்தனை மணிக்குக் கிளம்புவது, எப்போது குத்திப் பார்ப்பது, எந்த விளையாட்டு முதலில், எத்தனை மணிக்கு வெளியே வருவது என்று அவள் கட்டம் போட்டு எழுதினாள். இடையிடையே நாங்கள் ஒரு கேள்வி கேட்போம்; அவள் அழித்துவிட்டு மாற்றி எழுதுவாள். மூன்று மணிக்குக் கிளம்பிவிட வேண்டும் என்று எழுதியது அவள்தான். அதை நான் எழுதியிருந்தால் அன்றைக்கு மூன்று மணிக்கு அழுகைதான் நடந்திருக்கும்.

எந்த நாளில் போவது என்பதையே நிறைய யோசித்தோம். மே மாதம் சீசன் நேரம். வண்டிகள் குன்னூர் வழியாக ஏறவும் கோத்தகிரி வழியாக இறங்கவும் ஒருவழிப் பாதை ஆக்கிவிடுவது இங்கே வழக்கம். நெரிசலில் வண்டி எப்போது நிற்கும், எப்போது நகரும் என்று சொல்ல முடியாத சாலையில், சாப்பாட்டு வேளையையும் ஊசி நேரத்தையும் நம்பி ஒப்படைக்க முடியாது. அக்டோபர் நடுவில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் மலைப்பாதையில் மண்சரிவு பயம். 2009 நவம்பர் மண்சரிவுகளைப் பார்த்தவர்கள் யாரும் மழைக்காலத்தில் குழந்தையோடு உல்லாசமாக இறங்க மாட்டார்கள். ஆகவே செப்டம்பர் கடைசியில், காலாண்டு விடுமுறையில், சனி ஞாயிறு அல்லாத ஒரு நாளைத் தேர்ந்தெடுத்தோம்.

அடுத்தது மலைப்பாதை. குன்னூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேட்டுப்பாளையம் முந்நூற்றுச் சொச்சம். அந்த ஆயிரத்தைந்நூறு மீட்டரையும் கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றி இறங்கும்போது என் மகளுக்குக் குமட்டும். எல்லாப் பிள்ளைகளுக்கும் வருவதுதான். ஆனால் இவளுக்கு அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. வீட்டில் இட்லி சாப்பிட்டு, அதற்கான இன்சுலினைப் போட்டுக்கொண்டு கிளம்பி, பாதி வழியில் சாப்பிட்டது வெளியே வந்துவிட்டால், இன்சுலின் மட்டும் உடம்பில் நின்று சர்க்கரையை இறக்கிக்கொண்டிருக்கும். சாப்பாடு வெளியேறியது அதற்குத் தெரியாது. எனவே மலையிறங்கி முடிக்கும்வரை காலைச் சாப்பாடும் இல்லை, சாப்பாட்டு ஊசியும் இல்லை என்று முடிவு செய்தோம். இரவு போடும் நீண்டநேர இன்சுலினை மட்டும் முந்தின இரவு நிறுத்தாமல் போட்டோம். அதை ஒருபோதும் விடக் கூடாது.

இன்சுலினை எடுத்துப் போவது எங்களுக்குப் புதிய பாடமாக இருந்தது. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். திறந்த இன்சுலின் பேனாவை, அதாவது பேனா வடிவ ஊசியை, பெரும்பாலும் நான்கு வாரம் வரை வெளியே வைத்துக்கொள்ளலாம், ஆனால் வகையைப் பொறுத்து 25 அல்லது 30 டிகிரிக்கு மேல் சூடேறக் கூடாது. குன்னூர்க் குளிரில் அது சமையலறை அலமாரியிலேயே பத்திரமாக இருக்கும். சமவெளியில் இருப்பவர்கள் மண்பானைக்குள் மண்பானை வைத்துக் காப்பாற்றுவதைப் பற்றி நாங்கள் கவலைப்பட்டதே இல்லை. கீழே போனால் அந்தச் சலுகை இல்லை. வெயிலில் நிறுத்திய காரின் உள்ளே நிச்சயமாக இல்லை. அதற்காகப் பனிக்கட்டியோடு ஒட்டி வைத்தால் அதுவும் கெடுதல், ஏனென்றால் ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகிய பிறகு பார்ப்பதற்கு அப்படியே இருந்தாலும் வேலை செய்யும் என்று நம்ப முடியாது. வாய் அகன்ற எவர்சில்வர் ஃபிளாஸ்க்கில் கொஞ்ச நேரம் பனிக்கட்டியைப் போட்டுக் குளிரவைத்து, அதைக் கொட்டிவிட்டு, நன்றாகத் துடைத்து, பருத்தித் துணியில் சுற்றிய பேனாக்களை உள்ளே வைத்தோம். ஊசி முனையைப் பேனாவிலேயே மாட்டி விடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். வெப்பம் மாறும்போது அதன் வழியாகக் காற்று புகும், மருந்து கசியும். ஒவ்வொரு முறையும் புது முனை மாட்டி, 2 யூனிட்டைக் காற்றில் விட்டுப் பார்த்த பிறகுதான் போடுவோம்.

பூங்காவுக்குத் தொலைபேசியில் பேசி நான்கு கேள்விகள் கேட்டேன். மருத்துவக் கடிதம் இருந்தால் உணவும் ஊசியும் உள்ளே கொண்டுவரலாமா. முதலுதவி அறை எங்கே இருக்கிறது. ஊசி போட, கை கழுவ, நிழலில் உட்கார இடம் உண்டா. இடையில் வெளியே போய்த் திரும்பி வர முடியுமா. விதிகள் மாறக்கூடியவை என்பதால் பதில்களை இங்கே எழுதவில்லை. நீங்கள் எந்தப் பூங்காவுக்குப் போனாலும் இந்த நான்கையும் கேட்டு, பதில் சொன்னவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் தமிழிலும் ஆங்கிலத்திலுமாக ஒரு கடிதம் வாங்கினோம். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் தலசீமியா, ஹீமோஃபீலியா, சிக்கிள் செல் ஆகிய ரத்த நோய்கள் இருக்கின்றன. டைப் ஒன் நீரிழிவு இல்லை. காட்டுவதற்கு அட்டையும் கிடையாது, பார்த்தால் தெரியவும் தெரியாது. அந்தக் கடிதம் ஒன்றுதான் எங்களுக்கு அடையாளம்.

ஒரு மருத்துவமனை பெஞ்சில் கூடலூர்ப் பக்கத்துத் தாய் ஒருவரைச் சந்தித்திருக்கிறேன். அவர் மகனுக்குச் சிக்கிள் செல் ரத்தசோகை. எங்கள் மாவட்டத்துப் பழங்குடிக் குடும்பங்கள் பலவற்றுக்கு அது பழகிய வேதனை. அந்தப் பிள்ளைக்குக் குளிர்ந்த தண்ணீரும், உடம்பில் நீர் வற்றுவதும் வலியைக் கிளப்பிவிடும். ஆகவே நான் இங்கே எழுதுவதை அவர் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அவர் தாளில் வெதுவெதுப்பான தண்ணீரும் உலர்ந்த துணியும் முதல் கட்டத்தில் இருக்க வேண்டும். நோய்க்கு ஏற்றபடி தாள் மாறும்.

விரலைக் குத்தாமலே சர்க்கரை அளவைக் காட்டும் சென்சார் ஒன்று வாங்கினோம். மேற்கையில் ஒட்டிக்கொள்ளும் லிப்ரே சென்சார் 14 நாள் வேலை செய்யும். எல்லா மாதமும் வாங்க எங்களுக்குக் கட்டுப்படியாகாது. ஒட்டிய முதல் நாள் கணக்கு அவ்வளவு நம்பிக்கையாக வராது என்பதால் இரண்டு நாள் முன்பே ஒட்டினோம். ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் வரைதான் தண்ணீரைத் தாங்கும். ஆகவே மூழ்கி விளையாடக் கூடாது, அரை மணிக்கு ஒருமுறை வெளியே வந்துவிட வேண்டும் என்ற விதியும் தாளில் ஏறியது.

அன்று காலை ஆறரைக்குக் கிளம்பினோம். சர்க்கரை 142. பர்லியாற்றை நெருங்கும்போது வண்டியை நிறுத்த வேண்டிவந்தது. வெறும் வயிற்றில் இரண்டு முறை ஓங்கரித்தாள், அவ்வளவுதான். சாலையோரப் பழக்கடைகளைப் பார்த்துக்கொண்டு அவள் முதுகைத் தடவிக்கொடுத்தபோது, உடம்பில் சாப்பாட்டு இன்சுலின் இல்லை என்ற எண்ணம் எனக்குக் கொடுத்த நிம்மதியைச் சொல்லி முடியாது. மேட்டுப்பாளையத்தில் வீட்டு இட்லி மூன்று சாப்பிட்டாள். எங்கள் தட்டில் வார்க்கும் இட்லி ஒன்றுக்கு 12 கிராம் மாவுச்சத்து என்று கணக்கு. 36 கிராமுக்கு வழக்கமாகப் போடும் அளவில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துப் போட்டோம். அது அவளுக்கென்று மருத்துவர் சொன்ன அளவு, மற்றக் குழந்தைகளுக்கு அவரவர் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஓடியாடினால் சர்க்கரை இறங்கும், வெயிலில் தோல் சூடானால் இன்சுலின் வேகமாக இழுக்கப்படும். உயரச் சறுக்கலின் படபடப்பில் மட்டும் சர்க்கரை ஏறிக் காட்டும். அந்த ஏற்றத்தை நம்பி உடனே ஊசி போட்டால் பிறகு தடாலென்று விழும்.

பெரியவர்கள் மூவர் போயிருந்தோம். நானும் கணவரும் மாறி மாறித் தண்ணீருக்குள். அம்மாயிக்கு நிழலில் உட்கார்ந்து பையைக் காக்கும் பொறுப்பு. அந்தப் பை யார் கையில் இருக்கிறது என்பது ஒரு நிமிடமும் சந்தேகமாக இருக்கக் கூடாது. தண்ணீரில் இறங்குபவர் கழுத்தில் செல்போனுக்கான பிளாஸ்டிக் உறை தொங்கும். அதில் குளுக்கோஸ் பொட்டலங்கள். குறைந்த சர்க்கரைக்குக் குழந்தையின் எடையில் கிலோவுக்கு 0.3 கிராம் குளுக்கோஸ் என்பது கணக்கு. இவள் 27 கிலோ, எனவே எட்டெட்டு கிராமாகச் சமையலறைத் தராசில் நிறுத்து மடித்திருந்தோம். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும்.

பதினொன்றே முக்காலுக்கு அலைக்குளத்திலிருந்து தானாகவே வெளியே வந்து, "அம்மா, எனக்கு லோ மாதிரி இருக்கு" என்றாள். சென்சார் 92 காட்டியது, அம்பு மட்டும் கீழ்நோக்கி. வேகமாக இறங்கும்போது சென்சார் சில நிமிடம் பின்தங்கும், விரலைத்தான் நம்ப வேண்டும். ஆனால் விரலைப் பார்க்க வேண்டுமே! தண்ணீரில் ஊறி, நெல்லிக்காய் ஊறுகாய்போலச் சுருங்கிக் கிடந்தது. குத்தியதும் வந்த ரத்தத்துளி முத்தாக நிற்காமல் ஈரத்தில் படர்ந்து, ரேகைகளின் வழியே வெளிறி ஓடியது. தண்ணீர் கலந்த ரத்தம் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். இனிப்பு ஒட்டிய விரல் அதிகமாகக் காட்டும். அம்மாயி தன் சேலைத் தலைப்பால் அந்தக் கையை ஒற்றி ஒற்றி உலர்த்தினார். இன்னொரு விரலில் குத்தினோம். 68. எழுபதுக்குக் கீழே என்றால் பேச்சில்லை. ஒரு பொட்டலம் வாயில், கால் மணி நேரம் உட்கார வேண்டும். அவள் துண்டைப் போர்த்திக்கொண்டு, என் கைக்கடிகாரத்தை வாங்கி வைத்து, பதினைந்து நிமிடத்தைத் தானே பார்த்துச் சொன்னாள். 94. பிறகு சாப்பாடு.

மூன்று மணிக்கு அவளே தாளைக் காட்டிக் கிளம்பலாம் என்றாள். இரண்டு விளையாட்டுகள் மீதமிருந்தன.

நாள் அங்கே முடிந்துவிடுவதில்லை. நாள் முழுக்க ஆடிய தசைகள் இரவெல்லாம் சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும். தூக்கத்தில் குறைவது யாருக்கும் தெரியாது. மருத்துவர் சொல்லியிருந்தபடி அன்றிரவு நீண்டநேர இன்சுலினில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்து, பன்னிரண்டுக்கும் இரண்டரைக்கும் அலாரம் வைத்தோம். இரண்டரைக்கு விரலைத் தொட்டதும் கண்ணைத் திறக்காமலே கையை நீட்டினாள். 81, விடியும்வரை தாங்குமா என்ற சந்தேகத்தில் அரை டம்ளர் பால் கொடுத்தேன். காலையில் 126.

காலண்டர் தாளை எறியாமல் பீரோவில் வைத்திருக்கிறோம். அடுத்த முறைக்கு உலர்ந்த துணிகள் இன்னும் நான்கு, இரண்டாவது குளுக்கோமீட்டர் ஒன்று என்று நான் ஓரத்தில் குறித்தேன். அதற்குக் கீழே அவள் எழுதியிருக்கிறாள்: அலைக்குளத்துக்கு முன்னாடி ஒரு பூவன் பழம்.