ஏக்கருக்கு 2000 கிலோ என்றால்

“இந்த நெல் இனம் ஏக்கருக்குச் சராசரி 2000 கிலோ தரும்” என்று விதை விற்கும் இடத்தில் சொல்கிறார்கள் என்று வைப்போம். கிளிநொச்சி இரணைமடுக் குளத்தின் கீழ் அதை விதைத்த வயல்களில் இது பொருந்துமா? கணக்குப் போட ஐந்து நிமிடம் போதும். முடிவு கெடுவது அதற்கு முன்னர், வயலில்தான்.

கமக்கார அமைப்பிடம் காணிப் பட்டியலை வாங்கி எழுமாறாக 16 வயல்களை எடுக்க வேண்டும். மோட்டார் சைக்கிள் போகும் பக்கத்தையே பார்த்தால், வாய்க்கால் தலைப்பில் தண்ணீர் தாராளமாகக் கிடைத்த வயல்கள்தான் அகப்படும். மானாவாரி வயல் வேறு குடித்தொகை (நாம் முடிவு சொல்லும் வயல் கூட்டத்தில் சேராதது), அதைக் கலக்கக்கூடாது.

வரம்போரப் பயிருக்கு வெளிச்சம் கூட. அதனால் உள்ளே தள்ளி, ஒரு மீற்றர் சதுரச் சட்டத்தை மூன்று இடங்களில் வைத்து, அடிப்பகுதி சட்டத்துக்குள் இருக்கும் பயிரை மட்டும் அறுக்க வேண்டும். ஒரு ஏக்கர் 4047 சதுர மீற்றர்; ஏக்கராக்க அதனால் பெருக்குவதால், வெட்டு ஒவ்வொன்றிலும் 10 கிராம் நெல் சிந்தினாலே ஏக்கருக்கு 40 கிலோ குறைந்து தெரியும்.

ஈரப்பதனில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 2000 கிலோ என்பது 14 வீத ஈரப்பதனில் சொன்னதா என்று முதலே கேட்க வேண்டும். 22 வீதத்தில் நிறுத்த 2000 கிலோ நெல், ஈரம் போக மிஞ்சும் 78 ஐ 86 ஆல் வகுத்துப் பெருக்கினால், 14 வீதத்தில் 1814 கிலோதான்.

இனிக் கணக்கு. சூனியக் கருதுகோள், அதாவது சோதிக்க எடுத்த கூற்று: சராசரி 2000. மூன்று வெட்டுகளின் சராசரிதான் அந்த வயலின் ஒரே எண். 16 வயல்களின் சராசரி 1880, நியம விலகல் (வயலுக்கு வயல் உள்ள சிதறல்) 240 என்றால், நியம வழு (சராசரியில் எதிர்பார்க்கும் தடுமாற்றம்) 240 ஐ 16 இன் வர்க்கமூலமான 4 ஆல் வகுக்க 60. 1880 க்கும் 2000 க்கும் உள்ள வித்தியாசத்தை 60 ஆல் வகுத்தால் வரும் t பெறுமானம் −2.0. வெட்டுகளை 48 தனி மாதிரிகளாக எண்ணி அதே விலகலைப் போட்டால், நியம வழு 35 அளவுக்குச் சுருங்கி t −3.5 ஐ நெருங்கும். இது பொய்யான உறுதி. ஒரே வயலின் மூன்று வெட்டுகளுக்கும் ஒரே தண்ணீர், ஒரே பசளை.

5 வீத மட்டத்தில் (கூற்று சரியாக இருந்தும் தவறாக நிராகரிக்கும் வாய்ப்பு 5 வீதம்), t அட்டவணையின் 15 ஆம் வரியில் (16 இல் ஒன்று குறைய) “வேறுபடுகிறதா” என்ற இருபக்கச் சோதனைக்கு 2.131, “குறைவா” என்ற ஒருபக்கத்துக்கு 1.753; குறியை விட்டு t இதைத் தாண்டினால் நிராகரிக்கலாம். முதலாவதில் கூற்றை நிராகரிக்க முடியாது; இரண்டாவதில் நிராகரிக்கிறோம். எனவே “குறைவா” என்று கேட்கிறோமா, “வேறுபடுகிறதா” என்று கேட்கிறோமா என்பதை அறுப்புக்கு முன்பே எழுதி வைக்க வேண்டும். எண்ணைப் பார்த்த பிறகு பக்கம் மாற்றுவது, என் பார்வையில், கமக்காரருக்குச் செய்யும் அநியாயம்.

நிராகரிக்க முடியவில்லை என்றால் 2000 கிலோ நிரூபணமாயிற்று என்று அறிக்கையில் எழுதிவிடக் கூடாது. 95 வீத நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மைச் சராசரி இருக்கக்கூடிய வீச்சு, 1752 முதல் 2008 வரை விரிகிறது. கடன் வாங்கி விதைக்கும் குடும்பத்துக்கு அந்தக் கீழ் எல்லையையும் சொல்லியாக வேண்டும். நியம வழுவைப் பாதியாக்க ஏறத்தாழ 64 வயல்கள் தேவை. அறுவடை இயந்திரம் இறங்க முன்னரே அதைத் தீர்மானிக்க வேண்டும். காலபோகத்தில் (மாரிப் பயிர்ச்செய்கையில்) கிடைத்த முடிவைச் சிறுபோகத்துக்குப் பொருத்தவும் கூடாது. சிறுபோகத்தில் தண்ணீர் இருக்கும் அளவுக்குத்தான் காணி விதைப்பார்கள், பட்டியலே மாறிவிடும்.