தொடைக்குப் பின்னாடி இருக்கற பிரேக்

போன மார்கழில ஒரு ஞாயித்துக்கிழம டென்னிஸ் பால் மேட்ச். நான் நான்-ஸ்ட்ரைக்கர் எண்டுல நிக்கறேன், எதிர்ல பேட் புடிச்சவன் பாலை லேசா தட்டிட்டு "வா வா"ன்னு கத்துனான், ஓடுனேன், பாதி பிட்ச் கூட தாண்டல, யாரோ பின்னாடி இருந்து கல்ல விட்டு எறிஞ்ச மாதிரி வலது தொடைல சுரீர்னு ஒரு அடி. திரும்பிப் பாத்தா ஆளே இல்ல. சுத்தி இருந்தவங்க எல்லாம் "நரம்பு புடிச்சிருச்சுடா, நல்லா நீவி விடு"ன்னாங்க, வீட்டுக்கு வந்ததும் சுட சுட எண்ணெய் போட்டு அழுத்தி நீவியாச்சு. ரெண்டு நாள்ல முழங்கால் மடிப்பு வரைக்கும் கன்னிப்போய் நீலமா இறங்கிருச்சு. அப்புறம் ஃபிசியோ அக்காகிட்ட போனப்பதான் தெரிஞ்சது, அது நரம்பே இல்ல, தொடைக்குப் பின்னாடி இருக்கற ஹாம்ஸ்ட்ரிங் சதை கிழிஞ்சிருக்கு. புதுசா கிழிஞ்ச எடத்துல சூடு வச்சு நீவுனா உள்ள ரத்தம் கசியறது கூடத்தான் செய்யும், தயவுசெஞ்சு மொத ரெண்டு மூணு நாள் அத மட்டும் பண்ணாதீங்க.

ஹாம்ஸ்ட்ரிங்னு ஒரே பேரா சொல்றோமே, அது மூணு சதை. நாற்காலி நுனில உக்காந்து குதிகால தரையில அழுத்தி பின்னாடி இழுங்க, இப்ப முழங்காலுக்குப் பின்னாடி கைய வச்சா ரெண்டு பக்கமும் கயிறு மாதிரி வெடைச்சுக்கிட்டு நிக்கும். வெளிப்பக்கம் தட்டுப்படறது பைசெப்ஸ் ஃபெமோரிஸோட தசைநாண் (சதைய எலும்போட கட்டற நாண்), கெண்டைக்கால்ல வெளிப்பக்கமா இருக்கற சின்ன எலும்போட தலைல போய் ஒட்டிக்கும். உள்பக்கம் மெலிசா தட்டுப்படறது செமிடெண்டினோசஸ். முட்டிக்குள்ள எலும்புகள சேத்துப் புடிக்கற ஏசிஎல் லிகமெண்ட் அறுந்தவங்களுக்கு ஆபரேஷன் பண்றப்ப பல சமயம் இந்த நாண எடுத்துத்தான் புது லிகமெண்டா வைக்கறாங்க. அதுக்கு அடியில பட்டையா செமிமெம்ப்ரனோசஸ்.

மேல, மூணுமே உக்காந்தா தரையில குத்துமே அந்த இடுப்பெலும்புலதான் ஆரம்பிக்குது. பைசெப்ஸ் ஃபெமோரிஸுக்கு மட்டும் குட்டையா இன்னொரு தலை, அதாவது ஆரம்பிக்கற முனை, உண்டு, அது தொடை எலும்புலேர்ந்தே கெளம்பிடும். அத விட்டுட்டுப் பாத்தா மத்ததெல்லாம் இடுப்பு, முட்டி ரெண்டையும் தாண்டிப் போற சதை, இதுதான் விஷயமே. மல்லாக்க படுத்து முட்டிய மடக்கி நெஞ்சுகிட்ட கொண்டு வந்து பாருங்க, சுலபமா வரும். அதே கால நீட்டி வச்சுத் தூக்குங்க, பாதியிலயே பின்னாடி இழுத்துப் புடிக்கும். ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல நீளச் சொன்னா அதுக்கு நீளம் பத்தாது.

முட்டிய மடக்கறது, தொடைய பின்னாடி தள்றது, இது ரெண்டும்தான் அதோட வேலைன்னு புஸ்தகத்துல இருக்கும். தப்பில்ல. ஆனா ஓடறப்ப பெரிய வேலையே வேற. கால முன்னாடி வீசுறோம், கெண்டைக்கால் பறந்து போய் முட்டி நீள்றப்ப அத நிறுத்தணும்ல, அந்த பிரேக் இதுதான். பாதம் தரைய தொடறதுக்கு சத்த முன்னாடி, நல்லா நீண்டுகிட்டே, அதே நேரம் முழு பலத்தோட இழுத்துப் புடிக்கணும். வேகமா ஓடறவங்களுக்கு பெரும்பாலும் அந்த நொடிலதான் கிழியுது, அதுலயும் அதிகமா மாட்டறது பைசெப்ஸோட நீளமான தலைதான். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்ஸ்ல பிரிட்டன் ஓட்டக்காரர் டெரெக் ரெட்மண்ட் 400 மீட்டர் அரையிறுதில பாதில நொண்டி, அவங்கப்பா ட்ராக்குக்குள்ள எறங்கி வந்து தோள் குடுத்து கூட்டிட்டுப் போனாரே, அதுவும் ஹாம்ஸ்ட்ரிங் கிழிஞ்சுதான். சின்ன வயசுல அந்த வீடியோ பாத்து அழுதுருக்கேன், இப்ப பாத்தா எனக்கு தொடையே வலிக்குது.

நான் எப்பவும் மேட்சுக்கு முன்னாடி குனிஞ்சு கட்டைவிரல தொடுவேன், அது போதும்னு நெனச்சேன். அக்கா சொன்னது, "தம்பி, உன் சதை நீளுது, நீள்றப்ப புடிச்சு நிக்கற தெம்புதான் இல்ல." அது என்னமோ மனசுல அப்படியே நின்னுருச்சு. வலி அடங்கி, சாதாரணமா நடந்து, மெல்ல ஓடிப் பழகுனதுக்கு அப்புறம் நார்டிக் கர்ல்னு ஒரு பயிற்சி குடுத்தாங்க. மண்டி போட்டு, கணுக்கால ஒருத்தர் அமுக்கிப் புடிச்சுக்க, இடுப்பு மடங்காம ஒடம்ப மெதுவா முன்னாடி சாய்க்கணும், எவ்வளவு மெதுவா முடியுமோ அவ்வளவு மெதுவா. ஃபுட்பால் ஆடறவங்கள வச்சு பண்ண ஆய்வுகள்ல இத ஒழுங்கா செஞ்ச டீம்கள்ல ஹாம்ஸ்ட்ரிங் காயம் கிட்டத்தட்ட பாதியா கொறஞ்சிருக்கு. ஒருவாட்டி கிழிஞ்சவங்களுக்கு மறுபடி கிழியற வாய்ப்பு அதிகம்ங்கறதால நான் விடாம பண்றேன், வாரத்துக்கு ரெண்டு நாள். மொத வாரம் கொஞ்சம் சாஞ்சதுமே புடி விட்டுப் போய் கைய ஊனிட்டேன். இப்ப நெஞ்சு தரைய தொட ஒரு சாண் இருக்கற வரைக்கும் புடிச்சு நிக்க முடியுது, என் தம்பிதான் ஒவ்வொரு தடவையும் கணுக்கால புடிச்சுக்கிட்டு சத்தமா எண்ணுறான்.

நேத்து ரன்-அப்போட அம்பது மீட்டர் முழு வேகத்துல ஓடிப் பாத்தேன். தொடை புடிச்சுக்கல.