நூலக மாடியில் படங்கள்

ஏப்ரல் 12, சனி

நூலக மாடியில் இன்று முழுக்க ஆணி அடிக்கும் சத்தம். பழைய நாளிதழ்க் கட்டுகளும் கால் உடைந்த நாற்காலிகளும் குடியிருந்த ஹால், இனி புகைப்படக் காட்சிக்கூடம். லண்டனில் 1971இல் சூ டேவிஸ் புகைப்படத்துக்கென்றே ஒரு பொதுக் காட்சிக்கூடம் தொடங்கியபோது அவருக்குக் கிடைத்ததும் பழைய டீக்கடை ஹால்தானாம். ஒருங்கிணைப்பாளர் அண்ணன் சொன்னார். எங்களுக்கு ஆறுதலாகவா, சாக்காகவா என்று கேட்கவில்லை.

கண்ணாடி ஃபிரேம் வேண்டாமென்று முதலிலேயே முடிவு. டியூப்லைட் வெளிச்சம் கண்ணாடியில் அடித்தால் பார்க்கிறவர் முகம்தான் தெரியும், படம் தெரியாது. சன்போர்டு என்கிற லேசான அட்டையில் ஒட்டி மாட்டினோம். டபுள் சைடு டேப் ராயபுரத்துக் கடல்காற்றிலும் புழுக்கத்திலும் இரண்டு நாள் தாங்காது, ஆணியும் நூலும்தான். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஐந்தடியில் இருக்க வேண்டும் என்பது வழக்கம். நாங்கள் அரை அடி இறக்கினோம். இங்கே வரப்போகிறவர்களில் பாதி பள்ளிக்கூடப் பிள்ளைகள், மீதியில் பாதி ஆயாக்கள்.

எல்லாம் வடசென்னைப் படங்கள். பல பேர் எடுத்தவை. எண்ணூர் புகைபோக்கி, பாக்ஸிங் பழகும் பையன்கள், கேரம் பலகை, அதிகாலை மீன் ஏலம். கேமராவுக்குத் தெரிந்த வடசென்னை இவ்வளவுதானோ என்று மாட்டும்போதே தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை விடியலில் காசிமேட்டில் வஞ்சிரத்தைவிட லென்ஸ் அதிகம். ஆனால் எடுத்த படத்தை எடுத்த இடத்துக்குத் திருப்பிக் கொண்டுவந்து காட்டியவர் குறைவு. 2019இல் சென்னைப் புகைப்பட பினாலே என்கிற பெரிய புகைப்படத் திருவிழாவைப் பல்கலைக்கழக செனட் ஹவுஸில் பார்த்தேன், அசந்துபோனேன். இங்கிருந்து அரை மணிப் பயணம்தான். ஆனாலும் எங்கள் தெருவிலிருந்து போனவர்களை விரல்விட்டு எண்ணலாம்.

செவ்வாய் முதல் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அதை வைத்துத்தான் தேதி குறித்தோம்.

ஏப்ரல் 16, புதன்

நினைத்தது போலவே வந்தார்கள். படகுக்குப் பெயின்ட் அடித்த கையோடு, லுங்கியோடு, நாலைந்து பேராக. முதலில் வாசலில் நின்று, "செருப்பு கழட்டணுமா?" என்று கேட்டார்கள். கோயிலில்லை, வாங்கண்ணா என்றேன். பிறகு இரண்டு மணி நேரம் யாரும் கிளம்பவில்லை.

யாரும் ஒளியைப் பற்றியோ கோணத்தைப் பற்றியோ பேசவில்லை. யாருடைய போட்டு, எந்த வருஷத்துப் பெயின்ட், பின்னால் நிற்கிறவர் யார் மச்சான், அவர் இப்போது எங்கே என்றுதான் பேச்சு. "காசிமேட்டில் விடியல்" என்று புகைப்படக்காரர் தலைப்பு கொடுத்திருந்த படத்தின் முன்னால் ஒரு பெரியவர் நின்றார். நாற்பது வருஷம் கடலுக்குப் போன ஸ்ராங்கு, அதாவது விசைப்படகு ஓட்டுநர்.

"இது காலைல எட்த்தது இல்லம்மா."

"எப்படிச் சொல்றீங்க ஐயா?"

"நெழலு பாரு. கடல் பக்கமா விழுது. நம்ம ஊர்ல சூரியன் கடல்லேர்ந்து வரும். அப்போ காலைல நெழலு ஊர்ப் பக்கமால்ல விழணும்? இது சாயங்காலம்."

அத்தனை பேர் பார்த்துத் தேர்ந்தெடுத்த படம். எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. புகைப்படக்காரருக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். "மூட் விடியல் மாதிரி இருந்தது" என்று பதில் வந்தது. தலைப்பை மாற்றிவிட்டோம்.

இன்னொரு படத்தின் கீழே "மீனவப் பெண், காசிமேடு" என்று இருந்தது. கூடை முன்னால் உட்கார்ந்து வெற்றிலை மெல்லும் முகம். நல்ல படம், சந்தேகமே இல்லை. அதைப் பார்த்த ஒரு அக்கா சொன்னது: "இவங்க பேரு இங்க எல்லாருக்கும் தெரியும். உங்களுக்குத்தான் தெரில."

சாயங்காலம் ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு வெற்றுச் சீட்டும் நூலில் கட்டிய பென்சிலும் தொங்கவிட்டேன். தெரிந்தவர்கள் எழுதட்டும்.

ஏப்ரல் 19, சனி

பிள்ளைகளுக்கு நீல அச்சுப் பட்டறை. சயனோடைப் என்று பெயர். 1842இல் ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்தது. அடுத்த ஆண்டே அன்னா அட்கின்ஸ் கடல்பாசிகளை இந்த முறையில் பதித்துப் புத்தகமாக்கத் தொடங்கினார். கேமரா வேண்டாம், இருட்டறை வேண்டாம், வெயில் போதும். வெயிலுக்கா இங்கே பஞ்சம்?

ஃபெர்ரிக் அம்மோனியம் சிட்ரேட் ஒரு கரைசல், பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு இன்னொரு கரைசல். சமமாகக் கலந்து தாளில் பூசி, இருட்டில் உலர்த்தி வைத்திருந்தோம். "சயனைடா?" என்று ஒரு அம்மா பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துவிட்டார். பெயர்தான் அப்படி, சூடுபடுத்தாமல், கடுமையான அமிலம் சேர்க்காமல் இருந்தால் பயமில்லை, கையுறையும் இருக்கிறது என்று விளக்கியபின் அவரே முன்னால் வந்து உட்கார்ந்து ஒரு தாள் கேட்டார்.

செடி கொடி கொண்டுவரச் சொல்லியிருந்தோம். வந்ததோ முருங்கைக் கொத்து, சாவி, அக்காவின் வளையல், நண்டு ஓடு, சங்கரா மீன் முள், வலைத் துண்டு. மொட்டை மாடியில் தாளின் மேல் அவற்றைப் பரப்பி வைத்தால் ஐந்து நிமிடத்துக்குள் பச்சை கலந்த மஞ்சள் சாம்பல் நிறமாகிவிடுகிறது. தண்ணீரில் அலசியதும் மஞ்சள் கரைந்து நீலம் எழுகிறது. பருத்திக் கயிற்று வலை பளிச்சென்று வெள்ளையாக விழுந்தது. தங்கூசி எனும் நைலான் இழை வலை ஒளியை ஊடுருவ விடுவதால் மங்கல் கோடாகத்தான் வந்தது. "மீனுக்கும் அப்டித்தான் தெரியாது, அதான் மாட்டிக்குது" என்றான் ஒருவன். ஏழாவது படிக்கிறான்.

தண்ணீர்தான் தொல்லை. காரத்தன்மை இருந்தால் இந்த நீலம் வெளுத்துவிடும். எங்கள் போர் தண்ணீரை நம்பாமல் கேன் தண்ணீர் வாங்கி, இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டோம். நன்றாக நின்றது.

பிறகு ஹால் ஜன்னல்களைக் கறுப்புச் சார்ட்டால் அடைத்து, ஒரு ரூபாய் நாணயம் அளவு ஓட்டை மட்டும் விட்டோம். எதிர்ச் சுவரில் தெரு தலைகீழாக வந்தது. ஷேர் ஆட்டோ கூரையோரமாகப் போனது, தண்ணீர் லாரி அதன் பின்னால். எந்தப் பிள்ளையும் "எப்படி" என்று கேட்கவில்லை. எல்லோரும் கீழே ஓடிப்போய்த் தெருவில் நின்று கையாட்டினார்கள், மேலே இருக்கிறவர்களுக்குத் தெரிகிறதா என்று. நாளை ஈஸ்டர், புதுச்சட்டை போட்டுக்கொண்டு மறுபடி வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்கள். ஞாயிறு விடுமுறை என்று எவ்வளவு சொன்னாலும் காதில் ஏறவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

கூட்டமில்லை. மின்வெட்டு. ஒருவர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "டிக்கெட்டும் இல்ல, படமும் விக்கல, இதுல இன்னா லாபம்?" என்றார். பதில் யோசிப்பதற்குள் போய்விட்டார். சீட்டுகள் நிறைகின்றன. ஒரே படத்துக்கு மூன்று பேர் மூன்று பெயர் எழுதியிருக்கிறார்கள்.

ஏப்ரல் 26, சனி

பழைய மதராஸ் படங்களைப் பற்றிய உரை. பேசியவர் கல்லூரியில் வரலாறு நடத்தும் அம்மா. புரொஜெக்டர் மக்கர் பண்ணியதால் அரை மணி தாமதம். அந்த நேரத்தில் அவர் முதல் வரிசை ஆயாக்களோடு பேசி, அவர்கள் வீட்டில் இருக்கும் ஆகப் பழைய படம் எது என்று விசாரித்துவிட்டார்.

முதலில் லினேயஸ் ட்ரைப். மதராஸ் மாகாண அரசு தனக்கென்று வைத்துக்கொண்ட புகைப்படக்காரர், ராணுவ அதிகாரி. 1858இல் மதுரை, திருச்சி, தஞ்சாவூர் என்று சுற்றியவர். தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டை வரிசையாக எடுத்து, 21 படங்களை ஒட்டி ஒரே நீளப் படமாக்கினார். பத்தொன்பது அடி வரும். அப்புறம் ஆளுநராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன் இதெல்லாம் ஆடம்பரச் செலவென்று நிறுத்திவிட்டார். ட்ரைப்பின் படங்களில் ஆட்கள் குறைவு. காகித நெகட்டிவுக்கு வெளிச்சம் நிறைய நேரம் விழ வேண்டும். நடக்கிறவர் பதியவே மாட்டார்.

அடுத்தது வில்லோபி வாலஸ் ஹூப்பர். அவரும் ராணுவக்காரர். 1876 முதல் 1878 வரையிலான தாது வருஷப் பஞ்சத்தைப் படமெடுத்தவர். எலும்பும் தோலுமாக மனிதர்களை வரிசையாக உட்காரவைத்து, கேமரா பார்க்கச் சொல்லி எடுத்தவை. எடுத்து முடித்தபின் அவர்களுக்கு உதவி ஏதும் செய்யாமல் அனுப்பிவிட்டார் என்று அந்தக் காலத்திலேயே அவர்மேல் குற்றச்சாட்டு எழுந்தது. அந்தப் பஞ்சத்தில் செத்தவர்கள் 50 லட்சத்துக்கு மேல். நிவாரண வேலைக்கு வந்தவனுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஒரு அணாவும் கூலி போதும் என்றார், பஞ்சத்தைக் கவனிக்க அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள். போதாது என்று மாகாணச் சுகாதார ஆணையர் வில்லியம் கார்னிஷ் மல்லுக்கு நின்றார். பக்கிங்காம் கால்வாயில் அடையாறையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி அந்தப் பஞ்ச நிவாரண வேலையில் வெட்டியது.

"இங்கேயிருந்து நடக்கிற தூரத்தில் என்ன இருக்கு?" என்று கேட்டார். ஸ்டான்லி ஆஸ்பத்திரி என்றது கூட்டம். "அதுக்கு உங்க வீட்டுல என்ன பேர்?" கஞ்சித் தொட்டி! எல்லோரும் ஒரே குரலில். 1782இல் இன்னொரு பஞ்சத்தின்போது கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்தை ஒட்டி வளர்ந்த ஆஸ்பத்திரி அது. பஞ்சம் எங்கோ நடந்ததாக நினைத்துப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

கேள்வி நேரத்தில் ஸ்ராங்கு ஐயா எழுந்தார். "அந்தப் படத்துல கீறவங்க பேரு எழுதி வெச்சிருக்காங்களா?"

இல்லை என்றார் அந்த அம்மா. எடுத்தவர் பெயர், அவருடைய படைப்பிரிவு வரை இருக்கிறது. உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவர் பெயரும் இல்லை.

ஐயா சுவரில் இருக்கும் எங்கள் படங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு உட்கார்ந்துகொண்டார். ஒன்றும் சொல்லவில்லை. எனக்குச் சுருக்கென்றது.

ஏப்ரல் 29, செவ்வாய்

அந்த வெற்றிலை அம்மா இன்று நேரில் வந்தார், மகளோடு. யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். படத்தின் முன்னால் நின்றார், சிரித்தார், மகளை விட்டு செல்போனில் ஒரு படம் எடுக்கச் சொன்னார். சரி, சந்தோஷப்படுகிறார் என்று டீ சொல்லிவிட்டு வந்தேன்.

"கண்ணு, இத எறக்கிடு."

மகனுக்குப் பெண் பார்க்கிறார்களாம். பெண் வீடு பெரம்பூர். அவர்கள் இந்தப் பக்கம் வந்தால், அழுக்குப் புடவையோடு வாயில் வெற்றிலையோடு மாமியார் சுவரில் இருக்க வேண்டாம். "எட்த்தவன் கேட்டு எட்த்திருந்தா நான் நல்ல பொடவ கட்டிக்கினு வந்து குந்தியிருப்பேனே."

ஒருங்கிணைப்பாளர் அண்ணனுக்குப் போன் போட்டேன். அவர் தயங்கினார், கண்காட்சியின் மிகச் சிறந்த படம், அழைப்பிதழிலேயே அதுதான் இருக்கிறது. புகைப்படக்காரரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். அவர் கேட்டுக்கொண்டிருக்கட்டும் என்று நான் ஆணியிலிருந்து எடுத்து, அந்த அம்மாவின் கையிலேயே கொடுத்துவிட்டேன். இதில் இரண்டாம் யோசனைக்கு இடமிருப்பதாக எனக்கு இப்போதும் தோன்றவில்லை.

மே 1, வியாழன்

விடுமுறை நாள், ஹால் நிரம்பி வழிந்தது. வண்ணாரப்பேட்டையில் ரொம்ப காலம் ஸ்டுடியோ வைத்திருந்த பெரியவர் பேச வந்தார். பேச்சென்று சொல்ல முடியாது. ஒரு டிரங்குப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டிக்கொண்டே போனார். நெகட்டிவில் டச்சிங் செய்யும் கூர் பென்சில், கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கன்னத்தில் சிவப்பேற்றும் வர்ணம், மலையும் அருவியும் வரைந்த பின்திரையின் ஒரு கிழிசல். படம் கழுவிய பழைய ஹைப்போ கரைசலை வாங்கிப்போக ஆள் வருவார்களாம், அதில் வெள்ளி இறங்கியிருக்கும்.

சாவு வீட்டுக்குப் போய் எடுப்பதும் வேலைதான். உயிரோடு இருக்கும்போது ஒரு படம்கூட எடுத்திருக்க மாட்டார்கள். சடலத்தை நிமிர்த்தி உட்காரவைத்து எடுத்துவந்து, மூடிய கண்ணை டச்சிங்கில் திறந்து கொடுக்க வேண்டும். "கண்ணு தொறக்க மட்டும் தனி ரேட்டு" என்றார். சிரிப்பதா வேண்டாமா என்று கூட்டம் ஒரு கணம் திணறியது.

எனக்கு முக்கியமாகப் பட்டது அவருடைய ரிஜிஸ்டர். எண், தேதி, பெயர், தெரு, எத்தனை காப்பி, எவ்வளவு பாக்கி. நெகட்டிவ் உறையிலும் அதே எண். மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் பாதி போயிற்றாம், மீதி பத்திரமாக இருக்கிறது. இந்தப் பக்கத்து மக்களைப் பெயரோடு வைத்திருக்கும் படத்தொகுப்பு ஒன்று உண்டென்றால் அது கலைஞனுடையதில்லை, அருங்காட்சியகத்தினுடையதும் இல்லை. காசு வாங்கிக்கொண்டு படமெடுத்த கடைக்காரருடையது. காசு கொடுத்து எடுத்துக்கொண்டவருக்குப் பெயர் இருக்கிறது, எப்படி உட்கார வேண்டும் என்ற தீர்மானமும் இருக்கிறது. சும்மா எடுக்கப்பட்டவருக்கு இரண்டும் இல்லை.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். கூட்டம் போட்டுப் பேசினோம். இறக்கிய படத்தின் இடத்தில் வேறு படம் மாட்டலாம் என்றார் அண்ணன். வேண்டாம், ஏன் இறக்கினோம் என்று நாலு வரி எழுதி மாட்டலாம் என்றேன், அந்த அம்மாவின் பெயர் இல்லாமல்தான். ஒத்துக்கொண்டார், அரை மனதாக.

அடுத்த சுற்றுக்குப் படம் தருகிறவர்கள், படத்தில் இருப்பவரின் பெயரும் சம்மதமும் கொண்டுவர வேண்டும் என்று விதி எழுதியாயிற்று. உடனே இரண்டு பேர் விலகிக்கொண்டார்கள். ஒருவர் போனில் அரை மணி நேரம் வாதாடினார்: இப்படிப் பார்த்தால் தெருவில் படமே எடுக்க முடியாது, கணத்தைப் பிடிக்கிறவன் பெயர் கேட்டுக்கொண்டு நிற்பானா? அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 2017இல் எண்ணூர்க் கடலில் எண்ணெய் கொட்டியபோது கரையில் வாளியால் அள்ளியவர்களைப் பெயர் கேட்டு எடுத்திருக்க முடியாது, எடுக்காமல் இருந்திருந்தால் தவறு. அதை விதிவிலக்காகச் சேர்த்தோம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மீன் ஏலத்தில் என்ன அவசரம்? கூடைக்குப் பக்கத்தில் குந்தி, அரை கிலோ சங்கரா வாங்கிக்கொண்டே கேட்கலாமே. தெருவில் எடுங்கள், இந்தச் சுவரில் மாட்டக் கேட்டுவிட்டு வாங்க என்றேன்.

தடைக்காலம் முடியும்வரை கூடம் திறந்திருக்கும். அடுத்த சனி ஸ்டுடியோ பெரியவர் ரிஜிஸ்டரோடு வருகிறார். தாத்தா பாட்டி பெயரும் தெருவும் சொன்னால் தேடித் தருவார். நெகட்டிவை வெளிச்சத்தில் வைத்துப் பார்க்க லைட் பாக்ஸ் ஒன்று இரவல் கேட்டிருக்கிறேன். ஃபேன் இன்னும் சரியாகவில்லை.