மஞ்சள் சீட்டு

டெட்ராய்ட்டுக்கு அருகே, கார் பாகங்கள் செய்யும் நிறுவனம் ஒன்றில் மென்பொருள் சோதனைக் குழுவை நடத்திவந்தேன். 2023 ஏப்ரலில் குழுவில் மூன்று இடங்கள் காலி. காலாண்டு முடிவதற்குள் நிரப்பாவிட்டால் அந்த இடங்களே போய்விடும் என்று மனிதவளத் துறையிலிருந்து நாளுக்கொரு மின்னஞ்சல் வந்துகொண்டிருந்தது. அந்த மாதக் கடைசியில்தான் அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லின் டிராஃப்ட்டும் வந்தது.

பக்கத்து மேசையில் இருந்த நண்பர், மூத்த பொறியாளர், டெட்ராய்ட்டின் கால்பந்து அணியான லயன்ஸுக்கு நாற்பது வருட பக்தர். பக்தர் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். 2008இல் பதினாறு ஆட்டங்களில் பதினாறையும் தோற்ற அணியை, அந்த ஆண்டிலும் காசு கொடுத்துப் போய்ப் பார்த்தவரை வெறும் ரசிகர் என்று சொல்ல மனம் வரவில்லை.

டிராஃப்ட் என்பது ஐபிஎல் ஏலம் போன்றதல்ல. பணத்தைக் காட்டி யாரையும் இழுக்க முடியாது. 32 அணிகள் ஏழு சுற்றுகளில் முறைவைத்துக் கல்லூரி ஆட்டக்காரர்களை எடுக்கும். போன பருவத்தில் கடைசியில் நின்ற அணிக்கு முதல் முறை. அந்த ஆண்டு முதல் சுற்றில் முடிவெடுக்கப் பத்து நிமிடம். ஆனால் முறையைக் கைமாற்றலாம். அந்த வியாழக்கிழமை இரவு லயன்ஸ் தன் 6ஆம் முறையையும் 81ஆம் முறையையும் அரிசோனாவுக்குக் கொடுத்துவிட்டு 12, 34, 168 மூன்றையும் வாங்கிக்கொண்டது. மறுநாள் மதியம் காகிதக் கைக்குட்டை ஒன்றில் நண்பர் எனக்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். 1990களில் டல்லாஸ் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் புழக்கத்துக்குக் கொண்டுவந்த புள்ளிப் பட்டியல் ஒன்று உண்டு. அதன்படி கொடுத்தது 1600, 185, ஆக 1785. வாங்கியது 1200, 560, 24 சொச்சம். ஆக 1784 சொச்சம். எங்கள் ஊர் மளிகைக் கடையில்கூட தராசு இவ்வளவு நேராக நின்றதில்லை.

கணக்கில் அவருக்குக் குறையில்லை. கோபமெல்லாம் எடுத்த ஆள்மீதுதான். அணியின் ஓட்டை பின்தடுப்பில், எதிரணி எறியும் பந்தைத் தடுக்கும் கடைசி வரிசையில், இருந்தது. அந்த வரிசையில் ஓரத்தைக் காக்கும் கார்னர்பேக் கிறிஸ்டியன் கொன்சாலஸ் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தார். பொது மேலாளர் பிராட் ஹோம்ஸ் 12ஆம் முறையில் எடுத்ததோ ஜமீர் கிப்ஸ் என்ற ரன்னிங் பேக்கை, பந்தோடு ஓடுகிறவரை. மார்ச்சில்தான் டேவிட் மான்ட்கோமரி என்ற இன்னொரு ரன்னிங் பேக்கை வாங்கியிருந்தார்கள். 18ஆம் முறைக்கு ஜாக் கேம்ப்பெல் என்ற லைன்பேக்கர், தடுப்பின் நடுவரிசை ஆள். முதல் சுற்றில் யாரும் பெரிதாக மதிக்காத இரண்டு இடங்களுக்கு இரண்டு முறைகளையும் செலவழித்துவிட்டார்கள் என்று விமர்சகர்கள் கிழித்தார்கள். நண்பரும் கைக்குட்டையைக் கசக்கிப் போட்டார்.

நானும் அவர் பக்கம்தான். வீட்டில் ஒழுகுகிற இடம் ஒன்று இருக்க, இன்னோர் இடத்தில் ஓடு மாற்றுவானேன்?

அன்று பிற்பகல் என் ஆள்தேர்வுப் பலகையின் முன் நின்றேன். பதினொரு பெயர்கள், மஞ்சள் சீட்டுகளில், திறமை வரிசைப்படி மேலிருந்து கீழாக. பலகையின் வலப்பக்கம் காலியிடங்களின் தாள். இரண்டாவது சீட்டு, மருத்துவக் கருவித் துறையிலிருந்து விண்ணப்பித்த ஒரு பெண்ணுடையது. நாங்கள் கொடுத்த பயிற்சிக் கணக்கை அவர் முழுதாக முடிக்கவில்லை. ஆனால் எங்கே, ஏன் தவறியது என்று தானாகவே அரைப்பக்கம் எழுதிக் கொடுத்திருந்தார். எங்களுக்கே தெரியாத பிழை ஒன்று அதில் இருந்தது. ஆறாவது சீட்டுக்காரருக்கு, எங்கள் வாடிக்கையாளர் ஒருவர் கேட்ட சோதனைக் கருவி அத்துப்படி. தாளில் முதல் வரியே அந்தக் கருவிதான். தாளைப் பார்த்தேன், பலகையைப் பார்த்தேன், ஆறாவது சீட்டை உரித்து இரண்டாவதற்கு மேலே ஒட்டினேன். பழைய பசை சரியாகப் பிடிக்கவில்லை, கட்டை விரலால் அழுத்த வேண்டியிருந்தது. அந்த அழுத்தம் இப்போதும் நினைவிருக்கிறது. கடைசியில் மூன்று இடங்களும் நிரம்பின. அந்தப் பெண்ணுக்கு மறுப்புக் கடிதம் போனது.

எட்டு மாதத்தில் வாடிக்கையாளர் அந்தக் கருவியையே கைவிட்டார். நான் எடுத்தவர் நல்ல மனிதர், உழைப்பாளி. கருவி போனதும் என்ன செய்வதென்று தெரியாமல் திணறி, அடுத்த கோடையில் விலகிப்போனார். அவரை அவருக்காக நான் எடுக்கவில்லை, பள்ளத்தில் கொட்டும் மண்ணாக எடுத்தேன். ஆலை இல்லாத ஊரில் இலுப்பைப் பூ சர்க்கரை என்பார்கள். நான் ஆலை இருந்த ஊரிலேயே இலுப்பைப் பூவைத் தேடிப் போனவன்.

லயன்ஸும் இதைச் செய்த அணிதான். 2020 மார்ச்சில் தன் சிறந்த கார்னர்பேக் டேரியஸ் ஸ்லேயைப் பிலடெல்ஃபியாவுக்குக் கொடுத்தது. விழுந்த ஓட்டையை அடைக்க அடுத்த மாதமே 3ஆம் முறையில் ஜெஃப் ஒக்கூடா என்ற கார்னர்பேக்கை எடுத்தது. காயங்களும் சேர்ந்துகொண்டன, பாவம். மூன்றே வருடத்தில் ஓர் ஐந்தாம் சுற்று முறைக்கு அவரை அட்லாண்டாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்படி அனுப்பியது, கிப்ஸை எடுப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான்.

ஹோம்ஸ் செய்ததில் எனக்கு வெகுநாள் கழித்துப் புரிந்தது, டிராஃப்ட்டுக்கு முந்தைய மார்ச்சில் அவர் செய்த வேலை. கேமரன் சட்டன், எம்மானுவேல் மோஸ்லி என்று அனுபவமுள்ள இரண்டு கார்னர்பேக்குகளை அப்போதே ஒப்பந்தம் செய்திருந்தார். ஓட்டையைத் தற்காலிகமாகவேனும் மூடிவிட்டுத்தான் ஏப்ரலில் பலகையின் முன் உட்கார்ந்திருக்கிறார். பசித்தவன் சந்தைக்குப் போனால் கண்டதையும் வாங்குவான். அவர் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

பலன் தெரிந்ததுதான். 34ஆம் முறையில் வந்த சாம் லபோர்ட்டா டைட் எண்ட், எதிராளியை மறிப்பதோடு பந்தும் பிடிக்கிற ஆள்; அந்தப் பருவத்தில் 86 பந்துகளைப் பிடித்தார். முதலாண்டு டைட் எண்ட் எவரும் அதுவரை அத்தனை பிடித்ததில்லை. 1993க்குப் பிறகு முதன்முறையாக அணி தன் பிரிவை வென்றது. பருவ இறுதியின் வெளியேற்றுச் சுற்றான பிளேஆஃப்பில், 1992 ஜனவரிக்குப் பிறகு முதல் வெற்றியும் கிடைத்தது. அந்த ஞாயிறுக்கு மறுநாள் நண்பருக்குக் குரலே இல்லை, சைகையில் பேசினார்.

ஆனாலும் அவர் சொன்னது முழுக்கத் தவறென்று சொல்ல மாட்டேன். மோஸ்லி களமிறங்கிய முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போய் உட்கார்ந்தார். அந்தப் பருவம் முழுக்கப் பின்தடுப்பு ஒழுகியது. பிளேஆஃப்பில் சான் பிரான்சிஸ்கோ அணியோடு பாதி ஆட்டத்தில் 24–7 என்று முன்னிலையில் இருந்துவிட்டு 34–31 என்று தோற்றார்கள். திறமையைப் பார், தேவையைப் பார்க்காதே என்று பெரிய குரலில் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குச் சந்தேகம்தான். இதே அணி 2003, 2004, 2005 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து முதல் சுற்றில், எறியும் பந்தை ஓடிப் பிடிக்கிற வைட் ரிசீவரையே எடுத்துக் கெட்டது.

2024 டிராஃப்ட் டெட்ராய்ட்டிலேயே நடந்தது. மூன்று நாளில் ஏழே முக்கால் லட்சம் பேர். முதல் நாள் நண்பரோடு நானும் நகர மையத்தில் நெரிசலில் நின்றேன். 29இலிருந்து 24க்கு ஏறி, டெரியன் ஆர்னால்டு என்ற கார்னர்பேக்கை எடுத்தார்கள். நண்பர் என் தோளைப் பிடித்து உலுக்கினார். மறுநாள் இரண்டாம் சுற்றிலும் கார்னர்பேக்தான்.

அந்தக் கோடையில் எனக்கு மீண்டும் இரண்டு இடங்கள் காலி. அவசர வேலைக்கு ஆறு மாத ஒப்பந்தத்தில் ஒருவரை முதலில் வைத்துக்கொண்டேன். பிறகுதான் பலகை. காலியிடத் தாளை நண்பர் எடுத்துக் குப்புறக் கவிழ்த்து, மேலே தன் காப்பிக் கோப்பையை வைத்தார். சீட்டுகளை ஒட்டி முடிக்கும்வரை கோப்பையை எடுக்க விடவில்லை.

ஒட்டுவதற்கு முன்பு, போன வருடம் மறுத்த அந்தப் பெண்ணுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதியிருந்தேன். இரண்டே வரியில் பதில் வந்தது. நினைவு வைத்திருந்ததற்கு நன்றி, இப்போது வேறோர் இடத்தில் சோதனைக் குழுவுக்குத் தலைமை வகிக்கிறேன், உங்களிடம் நல்ல ஆட்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.