கிள்ளான் கிழவியும் பள்ளிச் சுவர்ப் பல்லியும்

நா நெகிழ் பயிற்சி என்றாலே மூச்சுவிடாமல் படபடவென்று ஒப்பிப்பது என்று ஆகிவிட்டது. விளையாட்டுக்கு அந்த வேகம் வேண்டும். உச்சரிப்பு திருந்த வேண்டுமானால் மெதுவாகச் சொல்லவேண்டும். அதோடு, பிள்ளை எந்த ஒலியில் தடுமாறுகிறதோ அந்த ஒலி உள்ள தொடராகப் பார்த்துக் கொடுக்கவேண்டும்.

கோலாலம்பூர்ப் பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது ல, ள, ழ மூன்றிலும்தான். மலாய்க்கு ஒரே லகரம் போதும். நாள் முழுக்க அதைப் பேசிப் பழகிய நாக்கு தமிழிலும் அந்த ஒன்றையே வைத்துச் சமாளிக்கப் பார்க்கும். தமிழ்ப் பள்ளி தமிழ்ப் பல்லி ஆகிவிடும்.

முதலில் நாக்கு எங்கே போகிறது என்று காட்டுங்கள். லகரத்துக்கு நுனிநாக்கு மேல்பல்லின் பின்னால் உள்ள ஈற்றைத் தொடும். ளகரத்துக்குப் பின்னோக்கி வளைந்து அண்ணத்தைத் தொடும். ழகரத்துக்கும் அதேபோல் வளையும், ஆனால் ஒட்டாது. தொல்காப்பியப் பிறப்பியல் ழகரத்தை ரகரத்தோடு சேர்த்து, நுனிநாக்கு மேலே வளைந்து அண்ணத்தை வருடப் பிறக்கும் என்கிறது. 'வருட' என்பதைப் பிள்ளைக்கு விளக்க ஒரு வழி உண்டு. 'அ' என்று நீட்டிச் சொல்லிக்கொண்டே நுனிநாக்கை மெல்லப் பின்னால் மடக்கச் சொல்லுங்கள். ஒலி தானாக 'அழ்' என்று மாறும். மேலே ஒட்டிவிட்டால் 'அள்' என்றுதான் கேட்கும். உதட்டைக் குவித்தால் ழகரம் வந்துவிடும் என்று சில பிள்ளைகள் நினைப்பார்கள். உதட்டுக்கு இதில் வேலையே இல்லை.

அடுத்து வலி–வளி–வழி, தலை–தளை–தழை என்று மும்மூன்று சொற்கள். அதன் பிறகுதான் தொடர். வாழைப்பழத்தோலில் வழுக்கி விழுந்த கிழவரை எல்லாருக்கும் தெரியும். ஆனால் அதில் முழுக்க ழகரமே வருவதால் நாக்கு ஒரே இடத்தில் பழகிவிடும். ளவும் ழவும் மாறி மாறி வந்தால்தான் உண்மையான சோதனை. கோலாலம்பூருக்குப் பக்கத்திலுள்ள கிள்ளான் நகரை வைத்து, நம் ஊருக்கென்று இப்படி ஒன்று கட்டலாம்:

கிள்ளான் கிழவி கிளியைக் கிள்ள, கிழக்கே பறந்தது கிள்ளான் கிளி.

லகர ளகரத்துக்கு:

பள்ளிச் சுவரில் பல்லி, பல்லியைப் பார்த்துத் துள்ளினாள் வள்ளி.

தொடரைக் கடைசியிலிருந்து கட்டுவது நல்லது: 'கிளி', 'கிள்ளான் கிளி', 'பறந்தது கிள்ளான் கிளி'. முன்னாலிருந்து தொடங்கினால் முதல் இரண்டு சொல் மட்டும் பளிச்சென்று வரும், வால் குழறும். கைப்பேசியில் தாளம் தட்டும் மெட்ரோனோம் செயலியை நிமிடத்துக்கு 60 தட்டு என்று வைத்து, ஒரு தட்டுக்கு ஒரு சொல். மூன்று முறை பிசகாமல் வந்தால் 10 கூட்டுங்கள். பிசகினால் 20 குறையுங்கள். ஐந்து நிமிடம் போதும்; களைத்த நாக்கு தவறான இடத்தையே பழகிக்கொள்ளும். ஒலிப்பதிவு செய்து பிள்ளையையே கேட்கவையுங்கள். பெற்றோர் திருத்துவதைவிட அது சீக்கிரம் உறைக்கும்.

ர, ற விஷயத்தில் இவ்வளவு கெடுபிடி வேண்டாம் என்பது என் கருத்து. தனித்து வரும்போது பேச்சில் அந்த வேறுபாடு நம்மில் பெரும்பாலோரிடம் இல்லை. 'ற்ற' மட்டும் தெளிவாக வரட்டும். 'பற்றுக பற்றற்றான்' என்று தொடங்கும் 350ஆம் குறள் அதற்குப் போதும். உதடு மூடித் திறந்துகொண்டே இருக்கும் குறள் அது. உதடே ஒட்டாத 341ஆம் குறளை, 'யாதனின் யாதனின்', அடுத்தே சொல்லவைத்தால் உதட்டுக்கும் நாக்குக்கும் தனித்தனியே பயிற்சி. கதை சொல்லும் போட்டிக்குப் போகும் பிள்ளைகள் மேடை ஏறும் முன் இந்த இரண்டையும் தாழ்ந்த குரலில் சொல்லிப் பார்க்கலாம். கத்திச் சொன்னால் தொண்டை கட்டும்.

விளையாட்டு என்று வந்தால் 'யாரு தச்ச சட்டை, தாத்தா தச்ச சட்டை'யை மிஞ்ச ஒன்றில்லை. த, ச, ட என்று நாக்கு ஒவ்வோர் எழுத்துக்கும் இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. வேகம் கூடினால் அடுத்த சொல்லின் எழுத்து முந்திக்கொண்டு 'சச்ச தட்டை' என்று வந்துவிடும். தீபாவளிக்கு ஊருக்குப் போகும்போது நெடுஞ்சாலை நெரிசலில் காருக்குள் ஆடிப் பாருங்கள். ஆளுக்கு ஒரு சொல், வரிசையாக, தடுக்கினவர் வெளியே. தாத்தா பாட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பல்செட் போட்டவர்களுக்கு மட்டும் ஒரு தடவை மன்னிப்பு.

திக்கிப் பேசும் பிள்ளையை இந்த வேக ஆட்டத்தில் இழுக்காதீர்கள். ஓர் ஒலி தனியாகக்கூட வரவே இல்லை என்றால் தொடரைத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்துப் பயனில்லை. பேச்சுப் பயிற்சி நிபுணரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.