காரோடு வந்த வழிகாட்டி: புதுப்பிப்பதா, விட்டுவிடுவதா?

எங்கள் கார் 2018ஆம் ஆண்டு மாடல். செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அதன் திரையில் உள்ள நேவிகேஷனுக்கு, கோவை அவினாசி சாலையில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10 கிலோமீட்டர் நீளும் மேம்பாலம் இருப்பதே தெரியாது. 2025 அக்டோபரில் திறந்த பாலத்தை அந்தப் பழைய வரைபடம் அறிந்திருக்க வழியில்லைதான். ஆனால் பாலத்தின் மேல் போய்க்கொண்டிருப்பவரைக் கீழே உள்ள சிக்னலில் இடப்பக்கம் திரும்பச் சொல்லும் குரலைக் கேட்டுக்கொண்டே ஓட்டுவது எளிதல்ல. போன ஆண்டுப் பஞ்சாங்கத்தை வைத்து இந்த ஆண்டு முகூர்த்தம் பார்ப்பதைப் போன்றதுதான் இது.

இந்தக் கோளாறு எப்படி வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால், புதுப்பிப்பு எதைத் தீர்க்கும், எதைத் தீர்க்காது என்பது விளங்கும். செயற்கைக்கோள் சமிக்ஞையிலிருந்து கணக்கிடும் இடத்தில் எப்போதும் சில மீட்டர் பிழை இருக்கும் என்பதால், கருவி நம் காரைத் தன் வரைபடத்தில் அருகில் உள்ள ஏதாவது ஒரு சாலையின் மீது ஒட்டவைத்துக் காட்டும். சாலை வரைபடத்தில் இல்லையென்றால் பக்கத்துச் சாலையில் ஒட்டும். அதுவும் இல்லையென்றால் வெற்று நிலத்தில் கார் மிதக்கும். பாலக்காடு வழியாகத் திருச்சூர் செல்பவர்கள் குதிரானில் இதைக் காணலாம். அங்கே சுமார் ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள இரட்டைச் சுரங்கப்பாதையின் முதல் பாதை 2021 ஜூலை இறுதியில்தான் திறக்கப்பட்டது. அதற்கு முந்தைய வரைபடத்துக்குத் தெரிந்தது குன்றின் மேல் ஏறும் பழைய சாலை மட்டுமே. மேம்பாலத்திலோ வரைபடம் புதிதாக இருந்தாலும் சிக்கல் முழுதாகத் தீர்வதில்லை. மேல் சாலையும் கீழ் சாலையும் ஒரே கோட்டில் இருப்பதால் நாம் எதில் போகிறோம் என்பதைக் கருவி ஊகிக்கத்தான் வேண்டும்.

புதுப்பிக்கும் முறை காருக்குக் கார் மாறும். முதலில் திரையில் அமைப்புகளுக்குள் சென்று வரைபடத்தின் பதிப்பு எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். சில கார்களில் வரைபடம் ஓர் எஸ்டி கார்டில் இருக்கும். அந்தக் கார்டு குறிப்பிட்ட காருடன் பிணைக்கப்பட்டிருப்பதால் வேறொரு காரின் கார்டைச் செருகினால் ஏற்காது. வேறு சிலவற்றில், காரின் அடையாளக் கோப்பைப் பென் டிரைவில் எடுத்து, வீட்டுக் கணினியில் அதற்குரிய தரவைப் பதிவிறக்கி, மீண்டும் காரில் செருக வேண்டும். தரவு பல ஜிபி அளவுக்கு இருப்பதால் ஏற்றுவதற்கு நெடுநேரம் பிடிக்கும். நடுவில் மின்சாரம் அறுந்தால் கருவியே முடங்கக்கூடும் என்பதால், திறந்த வெளியில் இன்ஜினை ஓடவிட்டுச் செய்வதே நல்லது. கார் பாகங்கள் விற்கும் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் 'புது மேப்' கார்டுகள் பெரும்பாலும் திருட்டு நகல்கள். அவற்றை நான் தொடுவதில்லை.

சர்வீஸ் சென்டரில் விசாரித்தபோது, இலவசப் புதுப்பிப்புக் காலம் முந்தைய உரிமையாளரோடு முடிந்துவிட்டது என்றார்கள். இனிப் பணம் கட்ட வேண்டுமாம். பணத்தைவிட என்னைத் தயங்கவைத்தது வேறொன்று. சாலையை அளந்து, தரவைத் தொகுத்து, கார் நிறுவனம் தன் கருவியில் சோதித்து வெளியிடுவதற்குள் பல மாதங்கள் ஓடிவிடுகின்றன. ஆகவே இன்று விலை கொடுத்து வாங்கும் வரைபடமும் இன்றைய வரைபடம் அல்ல. ஒருவழிப் பாதைகளையும் தற்காலிக மாற்றுப் பாதைகளையும் நினைத்தபோது மாற்றும் நம் ஊர்களுக்கு இந்த வேகம் போதாது.

கைபேசி வரைபடங்களின் பலம் இங்கேதான் தெரிகிறது. கூகுள் மேப்ஸ் 2018 முதல் தமிழிலும் வழி சொல்கிறது. மேம்பாலத்தில் ஏற வேண்டுமா, கீழேயே செல்ல வேண்டுமா என்பதை 2024 முதல் இந்திய நகரங்கள் பலவற்றில் அறிவிக்கிறது. மேப்மைஇந்தியாவின் மேப்பிள்ஸ் செயலி, சந்திப்புகளைப் படமாகவே வரைந்து காட்டுகிறது. தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் வரைபடத் தரவில் இயங்கும் ஆர்கானிக் மேப்ஸுக்கு இணையமே தேவையில்லை. கைபேசியைக் காரின் திரையோடு இணைக்கும் ஆண்ட்ராய்டு ஆட்டோவோ ஆப்பிள் கார்பிளேயோ காரில் இருந்தால் இவற்றில் பலவற்றைக் காரின் திரையிலேயே பார்க்கலாம். அந்த வசதி உள்ளவர்கள் பழைய நேவிகேஷனுக்குப் பணம் செலவழிப்பது வீண் என்பதே என் எண்ணம். எங்கள் காரில் அது இல்லை. கைபேசியை ஏசி காற்று வரும் துளையில் தாங்கியில் மாட்டிவைக்கிறோம். முன்கண்ணாடியில் மாட்டினால் சித்திரை வெயிலில் அது சூடேறி அணைந்துவிடுகிறது. வழி பார்ப்பதற்காகக் கவனம் சிதறாத வகையில் கைபேசியைப் பயன்படுத்துவதை 2020இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகன விதி அனுமதிக்கிறது என்றாலும், ஓடும் காரில் ஊர்ப்பெயரைத் தட்டச்சு செய்வதை நான் ஏற்கமாட்டேன்.

கைபேசி சொல்வதெல்லாம் வேதம் என்றும் இல்லை. 2024 ஜனவரியில் ஊட்டியிலிருந்து திரும்பிய சுற்றுலாப் பயணிகளின் கார், கூடலூரில் கைபேசி காட்டிய வழியே சென்று குடியிருப்புப் படிக்கட்டுகளில் சிக்கியது. அதே ஆண்டு நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே, ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்டிருந்த பாலத்திலிருந்து கார் விழுந்து மூவர் இறந்தனர். அவர்களும் கைபேசி வழிகாட்டியை நம்பி வந்ததாகவே செய்திகள் கூறின.

அதனால் காரின் நேவிகேஷனை முற்றிலும் ஒதுக்கிவிடவில்லை. ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வால்பாறை செல்லும்போது கைபேசிச் சமிக்ஞை பல இடங்களில் அறுந்துபோகும். அந்த மலைச்சாலை எங்கும் நகர்ந்துவிடவில்லை என்பதால், இணையம் கேட்காத பழைய வரைபடமே அங்கே போதுமானதாக இருக்கிறது. சக்கர வேகத்தையும் திரும்பும் கோணத்தையும் கொண்டு இடத்தைக் கணக்கிடும் கருவிகள் செயற்கைக்கோள் மறைந்தாலும் சிறிது தூரம் தாக்குப்பிடிக்கும். முன்னெச்சரிக்கையாகக் கூகுளிலும் அந்தப் பகுதியின் ஆஃப்லைன் வரைபடத்தைக் கிளம்பும் முன்பே இறக்கிவிடுகிறோம்.

திரையையே கழற்றிவிட்டு ஆண்ட்ராய்டு ஆட்டோ உள்ள புதிய ஸ்டீரியோவைப் பொருத்தலாம் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். ஆனால் ஸ்டீயரிங்கில் உள்ள பொத்தான்கள், ரிவர்ஸ் கேமரா, ஏசி அமைப்பு ஆகிய மூன்றும் எங்கள் காரில் அந்தத் திரையோடு இணைந்திருக்கின்றன. மாற்றிய பிறகும் அவை இயங்கும் என்று இரண்டு கடைக்காரர்கள் வாயால் உறுதியளித்தார்கள். எழுதித் தரச் சொன்னால் தயங்குகிறார்கள். எழுதித் தரும் கடை கிடைக்கும் வரை ஏசி துளையில் மாட்டிய தாங்கியே போதும் என்று முடிவு செய்திருக்கிறோம்.