பால்ல இருந்து ‘ப்’ எடுத்துட்டா என்னடா மிச்சம்?

நேத்து சாயங்காலம் மழை விட்டதும் எங்க அண்ணன் மவன் சின்னவன் வழக்கம் போல வந்து அஞ்சடியில, அதான் வீட்டு முன் வராந்தாவுல, சப்பணம் போட்டு உக்காந்துட்டான். மூனாம் ஆண்டு படிக்கிறான். நான் மினரல் வாட்டர் பாட்டில் மூடிங்கள சேத்து வச்சு ஒவ்வொன்னுலயும் மார்க்கர் பேனாவால ஒரு எழுத்து எழுதி வச்சிருக்கேன். அதுல மூனு மூடிய எடுத்து வரிசையா வச்சேன், ப், ஆ, ல். சேத்து சொல்லுடான்னேன், ‘பால்’னான். சரி, பால்ல முதல் சத்தத்த எடுத்துட்டா என்னடா மிச்சம்? டக்குனு ‘ல்’னான். அவனுக்கு ‘பா’ங்கிறது ஒரே கட்டி, அதுக்குள்ள ரெண்டு சத்தம் இருக்குன்னு அவன் காது பிரிச்சே பாக்கல. நான் ஒன்னும் சொல்லல, மறுபடி சொல்லிப் பாருன்னு மட்டும் சொன்னேன். ஒதட்ட மூடி மூடி தெறந்து பாத்தான், ப் மூடிய விரலால தள்ளி வச்சான், ஆ மூடி மேல விரல வச்சு ஆஆஆன்னு இழுத்தான், அப்புறம் ல். “ஆல்... நம்ம முனியாண்டி கோயில் ஆலமரத்து ஆலா அத்தே?”

ஆமாடா, அதே ஆல் தான். இந்த ஒரு கேள்விக்கு வந்து சேர எங்களுக்கு அஞ்சு வாரம் ஆச்சு.

இத ஏன் எழுதுறேன்னா இங்க மலேசியாவுல எங்க சுங்கை சிப்புட் சுத்து வட்டாரத்துல, தோட்டத்துலயும் தாமான்லயும் (வீடமைப்புப் பகுதி), இவன மாதிரி டிஸ்லெக்சியா, அதாவது புத்தி இருந்தும் படிக்க எழுத மட்டும் ரொம்ப கஷ்டப்படுற கொறை, உள்ள புள்ளைங்க எத்தனையோ பேர் ‘மக்கு’ன்னு பேர் வாங்கிட்டு கடைசி பெஞ்சுல உக்காந்திருக்காங்க. எங்க வீட்டுலயே ஒருத்தர் அப்படி உக்காந்திருந்தார், சின்னவனோட அப்பா, எங்க அண்ணன். அம்மா ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டிட்டு வந்து பால் நிறுக்குற எடத்துல நிக்கும்போது அண்ணன் பக்கத்துல நின்னு எவ்ளோ எடை, எவ்ளோ காசுன்னு கிராணி (தோட்டத்து கணக்குப்பிள்ளை) எழுதி முடிக்கிறதுக்குள்ள வாயால சொல்லிடும். ஆனா பாடப்புத்தகத்துல ரெண்டு வரி படிக்கச் சொன்னா வேர்த்துடும். நூறு தடவ எழுதச் சொல்லி, பெஞ்சு மேல நிக்க வச்சு, ஒன்னும் நடக்கல, ஃபார்ம் த்ரீயோட நின்னுருச்சு. இப்ப செம்பனை லாரி ஓட்டுது. எனக்கு வாட்ஸாப்ல எப்பவும் வாய்ஸ் மெசேஜ் தான் அனுப்பும், டைப் பண்ண சோம்பேறித்தனம்னு ரொம்ப வருஷம் நெனச்சிருக்கேன். பள்ளியில இருந்து வர்ற கடுதாசிய எல்லாம் போட்டோ புடிச்சு எனக்கு அனுப்பி என்ன போட்டுருக்குன்னு கேக்கும். அதயும் சேத்து யோசிச்சப்ப தான் அண்ணனுக்கும் இதே கொறை தான்னு எனக்கு வெளங்குச்சு.

1896-ல இங்கிலாந்துல பிரிங்கிள் மார்கன்னு ஒரு டாக்டர் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஒரு பையனப் பத்தி எழுதினார். பெர்சின்னு பேரு, 14 வயசு, ஏழு வயசுல இருந்து ஸ்கூலு, தனி வாத்தியார்னு எல்லாம் பாத்தாச்சு, ஆனா சொந்தப் பேர எழுதும்போதே எழுத்து மாத்தி போட்டுட்டு அது தப்புன்னே தெரியாம இருந்தான். அதே பையன் 749-அ 867-ஆல பெருக்கச் சொன்னா சீக்கிரமா சரியா போட்டுட்டான். எல்லாப் பாடத்தயும் வாயால சொல்லிக்குடுத்தா ஸ்கூல்லயே இவன் தான் கெட்டிக்காரன்னு அவன் வாத்தியாரே சொன்னாராம். இத படிச்சப்ப பால் நிறுக்குற எடத்துல நின்ன எங்க அண்ணன் தான் கண்ணு முன்னால வந்துச்சு, எனக்கு அழுகையே வந்துருச்சு. நூறு வருஷத்துக்கு முன்னாடியே ஒரு டாக்டர் எழுதி வச்சத எங்க அண்ணனுக்கு யாருமே சொல்லலயே.

அந்தக் காலத்துல இத கண்ணு சம்பந்தப்பட்ட கோளாறுன்னு நெனச்சாங்க, டிஸ்லெக்சியாங்கிற பேர வச்சதே ருடால்ஃப் பெர்லின்னு ஒரு ஜெர்மன் கண் டாக்டர் தான். இன்னிக்கும் எழுத்து தலகீழா தெரியும், ஆடும்னு தான் நெறைய பேர் நெனைக்கிறாங்க. அண்ணனும் அப்படித்தான் கலர் கண்ணாடி போட்டா சரியாகும்னு யாரோ சொல்ல ஒரு கடையில காசு கட்டி வாங்கிட்டு வந்துச்சு. அமெரிக்கக் குழந்தை டாக்டர்களும் கண் டாக்டர்களும் 2009-லயே ஒன்னா சேந்து அறிக்கை விட்டுட்டாங்க, கலர் கண்ணாடி, கண்ணு பயிற்சி இதெல்லாம் படிக்க வைக்கும்ங்கிறதுக்கு ஆதாரம் இல்லன்னு. தயவு செஞ்சு அந்த காச மிச்சம் புடிங்க. கண்ணு நல்லா தெரியுதான்னு சாதாரணமா ஒரு தடவ செக் பண்ணிக்கிட்டா போதும்.

பெரும்பாலான புள்ளைங்களுக்கு சிக்கல் சத்தத்துல. காது நல்லா கேக்கும், பேச்சும் நல்லா வரும், ஆனா ஒரு சொல்ல சின்னச் சின்ன சத்தமா பிரிச்சு ஒவ்வொன்னயும் ஒரு எழுத்தோட கோக்குற வேல மூளையில மெதுவா நடக்குது. ஸ்கேன் எடுத்துப் பாத்தா மூளையோட இடது பக்கம் பின்னால படிக்கிறப்ப ஓட வேண்டிய ஓட்டம் கம்மியா இருக்கு. புத்திக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. குடும்பத்துல வரும், அப்பாவுக்கு இருந்தா புள்ளைக்கு வர வாய்ப்பு அதிகம்.

ஆக்ஸ்ஃபோர்டுல பிராட்லி, பிரையன்ட்னு ரெண்டு பேர் 1983-ல ஒரு ஆராய்ச்சிய வெளியிட்டாங்க. சத்தம் பிரிக்கிறதுல பின்தங்குன சின்னப் புள்ளைங்களுக்கு ரெண்டு வருஷத்துல 40 தடவ தனியா உக்காந்து சொல்லிக்குடுத்தாங்க. அதுல சத்தத்தோட சேத்து பிளாஸ்டிக் எழுத்துங்களயும் கையில குடுத்து சொல்லிக்குடுத்த புள்ளைங்க தான் படிக்கிறதுலயும் எழுதுறதுலயும் ரொம்ப முன்னேறுனாங்க. என்னோட பாட்டில் மூடி அங்க இருந்து வந்தது தான்.

இதுல எனக்கு மனசு ஆறாத விஷயம் ஒன்னு இருக்கு. ப் கூட ஆ சேந்தா பான்னு நம்ம இலக்கணத்துலயே இருக்கு, உயிரு, மெய்யி, உயிர்மெய்யின்னு பேரே வச்சிருக்காங்க, சத்தத்த இத விட அழகா யாரு பிரிச்சு காட்ட முடியும்? ஆனா பள்ளியில அது செவுத்துல ஒட்டுன அட்டவணையா ஆயிடுச்சு, 247 எழுத்தயும் பாட்டா ஒப்பிச்சுட்டு போயிடுறாங்க. ஓடுற புள்ளைங்க ஓடிடும். சின்னவன் அட்டவணைய மேல இருந்து கீழ வரைக்கும் ஒப்பிப்பான், நடுவுல ஒரு எழுத்த தொட்டுக் காட்டுனா முழிப்பான்.

அதுக்கு மேல கொம்பு. ‘பெட்டி’ன்னு எழுதுனா சத்தத்துல முதல்ல வர்றது ப், எழுத்துல முதல்ல நிக்கிறது கொம்பு. ‘கொய்யா’ன்னா முன்னால ஒன்னு பின்னால ஒன்னு. ‘பாட்டி’ல வர்ற ப ஒரு மாதிரி, ‘தம்பி’ல வர்ற பி வேற மாதிரி. வீட்டுல ‘வந்துட்டான்’, புத்தகத்துல ‘வந்துவிட்டான்’. பெங்களூர்ல சோனாலி நாக்னு ஒரு ஆராய்ச்சியாளர் கன்னடப் புள்ளைங்கள வச்சு பாத்தாங்க, கன்னடமும் நம்மள மாதிரி உயிர்மெய் எழுத்து தான், அங்க நாலாவது படிக்கிற புள்ளைங்க கூட இன்னும் எழுத்து முழுசா புடிபடாம கத்துக்கிட்டு தான் இருந்துச்சுங்க. அப்ப நம்ம புள்ள ஒரு வருஷத்துல முடிக்கலன்னு அடிக்கிறதுல என்ன நியாயம்?

சின்னவன் மலாய் ஓரளவு படிப்பான், பா-து, பா-ஜுன்னு. அத பாத்துட்டு பள்ளியில “மலாய் வருது, தமிழ் வரல, சோம்பேறித்தனம்”னு சொல்லிட்டாங்க. அதுவும் தப்பு தான். 2001-ல இத்தாலி, பிரெஞ்சு, இங்கிலீஷ் மூனு மொழி ஆளுங்கள ஸ்கேன் பண்ணாங்க. இத்தாலி மொழி சொல்ற மாதிரியே எழுதுறது, அதனால டிஸ்லெக்சியா உள்ள இத்தாலிக்காரங்க மத்தவங்கள விட நல்லா படிச்சாங்க, ஆனா மூளைக்குள்ள மூனு பேருக்கும் அதே எடத்துல அதே கொறை. மலாய் எழுத்து லேசா இருக்கிறதால குறை மறஞ்சு நிக்குது, அவ்ளோ தான்.

சந்தேகம் இருந்தா பள்ளியில டிஸ்லெக்சியா செனாராய் செமாக் போட சொல்லி கேளுங்க, புள்ளைக்கு இந்த அறிகுறி இருக்கான்னு பாக்குற கல்வி அமைச்சோட லிஸ்ட் அது. அப்புறம் அரசாங்க கிளினிக், டாக்டர் ஃபாரம். ஓ.கே.யு. கார்டுன்னு, அதான் மாற்றுத்திறனாளி கார்டுன்னு, சொன்னதும் அண்ணி மூஞ்சியே மாறிப்போச்சு, “நாளைக்கு புள்ளைய பைத்தியம்பாங்க”ன்னு. பதிஞ்சே ஆகணும்னு கட்டாயம் இல்ல அண்ணி, ஆனா பதிஞ்சா பரீட்சையில கூடுதல் நேரம் கேக்கலாம்னு சொன்னேன். ரெண்டு நாள் பேசல. மூனாவது நாள் சூராட் பெராணாக்க (பொறப்பு பத்திரம்) எடுத்துக்கிட்டு வந்து என்னென்ன காப்பி வேணும்னு கேட்டாங்க.

நேத்து இருட்டுற நேரத்துக்கு அண்ணன் மோட்டோர்ல வந்து வாசல் கேட் கிட்டயே நின்னுச்சு, உள்ள வரல. சின்னவன் ஓடிப்போய் “ப்பா, பால்ல ப் எடுத்துட்டா ஆல்”னான். அண்ணன் ஹெல்மெட்ட கழட்டாம கொஞ்ச நேரம் வாய்க்குள்ளயே என்னமோ சொல்லிப் பாத்துச்சு.

“அப்ப கால்?”

“அதுவும் ஆல் தாம்ப்பா.”

“வால்?”

“எல்லாம் ஆல் தாம்ப்பா, வண்டிய எடு, பசிக்குது.”